பதிவில் உள்ள மச்சம்

"இந்த வருசமும் பச்சைதான் டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே சண்முகக்கனி படியேறினாள். இடது காலை முழுசாக ஊன்றாமல், ஓரத்தை மட்டும் தரையில் வைத்து வைத்து நடந்தாள். ஆனால் வாயெல்லாம் பல். ஒரு கையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலம், இன்னொரு கையில் பச்சை நிறத்தில் ஒரு சீட்டு.

எமல்டா டீச்சருக்கு அறுபத்தொன்பது வயது. தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சண்முகக்கனி அவரிடம் படித்தவள். பத்தாவது முடித்த மறு வாரமே உப்பளத்தில் உப்புப் பெட்டி சுமக்கப் போனவள், இன்றைக்கு நாற்பத்து மூன்று வயதிலும் சுமந்துகொண்டுதான் இருக்கிறாள்.

"எதுக்குட்டி மக்ரூன்? மகளுக்கு வரன் எதுவும் கூடி வந்திருக்கா?"

"அதெல்லாம் இல்ல. உங்களுக்குத்தான். உங்க புண்ணியத்துலதான் நான் பயமில்லாம நடமாடுதேன். இதப் படிங்க."

டீச்சர் பொட்டலத்தையும் சீட்டையும் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேனிக் கூண்டு தருகிற சீட்டுதான். அந்தக் கூண்டு ஊருக்குள் வந்து ஆறு வருடமாகிறது. அரசு சுகாதார நிலையத்துக்கு வருடம் ஒரு தடவை போய், துணி மாற்றிக்கொண்டு, கண்ணாடித் தரையில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். உச்சி முதல் உள்ளங்கால் வரை அது படம் பிடித்து, தோலில் புற்று எங்கேயாவது தலைகாட்டுகிறதா என்று தேடும். சந்தேகம் என்றால் சிவப்புச் சீட்டு, டாக்டரிடம் டோக்கன். ஒன்றுமில்லை என்றால் பச்சைச் சீட்டு, வீட்டைப் பார்க்கப் போகலாம். பச்சை வாங்கியவருக்கு டோக்கன் கிடையாது. அதற்குத்தானே கூண்டு?

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: இடது உள்ளங்கால், மச்சம் ஒன்று. பழையது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பதிவு உள்ளது. அச்சம் வேண்டாம்.

"பாத்தியளா? நீங்க எழுதினதுதான். அங்க அடையாளங்கள்னு ரெண்டு எழுதுவியள்லா, அதுல எனக்கு ரெண்டாவது அடையாளம் இது. நாலு வருசத்துக்கு முன்னால இது கண்ணுல பட்டப்ப எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. கூண்டுல ஏறி நின்னா, பழசுன்னு சொல்லிட்டுது. வீட்டுக்குப் போயி சர்டிபிகேட்ட எடுத்துப் பாக்கேன், உங்க கையெழுத்து. எனக்கே தெரியாத மச்சத்த நீங்க பாத்து வச்சிருக்கியளே டீச்சர்."

எமல்டா டீச்சருக்கு மக்ரூன் பொட்டலம் கையில் கனத்தது.

"காலைக் காட்டு," என்றார்.

சண்முகக்கனி கூச்சப்பட்டாள். டீச்சருக்கு முன்னால் காலைத் தூக்குவதா என்று. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் பாதத்தைத் துடைத்துவிட்டுக் காட்டினாள். உப்பில் நின்று நின்று வெளுத்து வெடித்த பாதம். உள்ளங்காலில் குதிகாலை ஒட்டி, பழைய எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு கறுப்பு. அதைச் சுற்றிப் பழுப்பு, ஈரத் தாளில் விழுந்த மை மாதிரி ஒழுங்கில்லாமல் ஊறியிருந்தது. நடுவில் ஒரு இடம் புண்ணாகிப் பொருக்குத் தட்டியிருந்தது.

"வலிக்கா?"

"இப்ப ஆறு மாசமாத்தான். உப்பு படுதுல்லா, அதான்."

பெரிசாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். சண்முகக்கனி குடித்தாள், மகளைப் பற்றிப் பேசினாள், அதே ஓரநடை நடந்து போனாள். எமல்டா டீச்சர் வாயே திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதை நாம் மறைக்கக் கூடாது.

ஏனென்றால் அந்தக் காலை அவர் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு நாமினல் ரோல் என்றால் என்னவென்று தெரியும். தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிள்ளை காலத்துக்கும் அலைய வேண்டும் என்பதால் அதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். கடைசிக் கட்டம் அங்க அடையாளங்கள். ஆளுக்கு இரண்டு. அந்தக் கட்டத்தை யார் பார்த்தார்கள்?

முதல் வருடம் எமல்டா டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கையையும் முகத்தையும் பார்த்துத்தான் எழுதினார். வெயிலில் கருத்த பிள்ளைகள். பளிச்சென்று தெரிகிற மச்சம் எத்தனை பேருக்கு இருக்கும்? மச்சமே இல்லாதவனுக்கு என்ன எழுதுவது? கட்டம் காலியாக இருந்தால் பட்டியல் திரும்பி வந்துவிடும். இரண்டாம் வருடம் வலது கையில் ஒரு மச்சம் என்று வரிசையாக எழுதினார். தலைமையாசிரியர் கூப்பிட்டு விட்டார். "என்ன டீச்சர், பதினோரு பேருக்கு வலது கையில மச்சமா? ஈயடிச்சான் காப்பின்னு மேல இருக்கவன் சிரிப்பான். மாத்தி மாத்திப் போடுங்க, நாளைக்குக் காலைல அனுப்பணும்."

மாற்றிப் போட்டார். பிடரி, தோள், முதுகு, முழங்கால், உள்ளங்கால். யாரும் சட்டையைக் கழற்றியோ செருப்பைக் கழற்றியோ சரிபார்க்க முடியாத இடங்களாகப் பொறுக்கினார். ஒரு தாளில் பத்து இடங்களை எழுதி வைத்துக்கொண்டு, முதல் பிள்ளைக்கு ஒன்றும் இரண்டும், அடுத்த பிள்ளைக்கு மூன்றும் நான்கும் என்று சுற்றிவிட்டார். நாற்பது பிள்ளைகளுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மற்ற பிரிவு டீச்சர்கள் அந்தத் தாளை இரவல் வாங்கிப் போனார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவி மனுஷிக்கு.

சண்முகக்கனி வந்துபோன பிறகு மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மீன்காரி தராசைத் தூக்கினால் அவள் முழங்கையில் மச்சம் தேடினார். மாதா கோவிலில் முன் வரிசையில் நின்றவளின் பிடரியில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு, அவள் தன்னிடம் படித்தவளா என்று ஜெபம் முடியும்வரை யோசித்துக்கொண்டே நின்றார். ஜெபத்தில் ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. என்றைக்கோ எழுதினதை வைத்துக்கொண்டு மிஷின் சொன்னால் அதற்கு நான் என்ன செய்ய என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிப் பார்த்தார். அலமாரியில் சிறந்த ஆசிரியை என்று கொடுத்த கேடயம் இருந்தது. அதைத் துணி போட்டு மூடினார். மூடியது இன்னும் மோசமாக இருந்தது. நாலாம் நாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார்.

தோல் பிரிவு டாக்டர் நஸ்ரின் சின்ன வயதுக்காரி. டீச்சர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"பாக்காமயே எழுதினீங்களா?"

"பாக்காமத்தான்."

"ஒரு பிள்ளைக்கா, எல்லாருக்குமா?"

"மொத வருசம் தவிர எல்லாருக்கும்." டீச்சருக்குக் குரல் இறங்கிப்போனது. "நான் மட்டும் இல்லம்மா. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். இதப் போயி ஒரு மிஷின் வேதவாக்கா எடுத்துக்கும்னு யாரு கண்டா?"

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கூண்டு வெள்ளைத் தோலப் பாத்துப் படிச்சுட்டு வந்ததும்மா. வந்த புதுசுல நம்ம ஊர் மச்சத்தப் பாத்து மிரண்டு போச்சு. தொட்டதுக்கெல்லாம் சிவப்பு. ரெண்டு வருஷம் நல்ல மச்சமா வெட்டி வெட்டித் தள்ளினோம். வெட்டின இடம் சீழ் பிடிச்சு ஒரு அம்மா செத்தே போனாங்க. அப்பதான் மேல யாரோ ஒருத்தருக்கு யோசனை வந்திருக்கு. மச்சத்துல பழசு புதுசு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. பல வருஷமா அப்படியே கிடக்கிறது பெரும்பாலும் சாது. நடுவயசுல புதுசா முளைச்சு வளர்றதுதான் வில்லன். பதினஞ்சு வயசுல யாருக்கு எங்க மச்சம் இருந்ததுன்னு ஆசிரியர் கையெழுத்தோட நம்மகிட்ட கோடிக்கணக்குல பதிவு இருக்கு. எந்த நாட்டுலயும் இப்படி ஒரு பொக்கிஷம் கிடையாதுன்னு கொண்டாடினாங்க."

"ஆளக் கேட்டா சொல்ல மாட்டாங்களா, பழசா புதுசான்னு?"

"கேட்டாங்க. வெட்டுக்குப் பயந்து எல்லாரும் பொறந்ததுல இருந்தே இருக்குன்னாங்க. அதனால வாய்ச்சொல்ல எடுத்துக்கிறத நிறுத்திட்டாங்க. எழுத்து இருந்தா எழுத்து. அதுக்கு மேல பேச்சில்ல."

"சரி. இப்ப என்ன செய்யணும்? அந்தப் பிள்ளைய உடனே கூப்பிடுங்க."

"பதிவு இருக்கிறவரைக்கும் நான் ஊசி நுனியளவு சதை எடுத்து அனுப்பினாலும் பரிசோதனைக்கூடம் திருப்பி அனுப்பிடும். எழுதினவங்களே வந்து பார்க்காம எழுதினேன்னு கையெழுத்துப் போட்டா பதிவு விழுந்துடும். ஆனா ஒண்ணு. சண்முகக்கனிக்கு மட்டும்னு அதைச் சொல்ல முடியாது. ஒரு இடத்துல பொய்யின்னா உங்க பேர்ல உள்ள அத்தனையும் விழும். அத்தனை பேருக்கும் மறுபரிசோதனைக்கு நோட்டீஸ் போகும், காரணத்தோட. உங்க பேரோட. எத்தனை பேர் இருப்பாங்க?"

இருபத்தாறு வருடம். வருடத்துக்கு நாற்பது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்குப் போட விரல் தேவையில்லை.

"ஆயிரத்துச் சொச்சம்," என்றார்.

திரையில் கட்டம் வந்தது. நான் பார்க்காமல் எழுதினேன் என்று அவரே எழுத வேண்டும். மற்றவர்களின் பரீட்சைத் தாளை வாழ்நாளெல்லாம் திருத்திய கை, இரண்டு தடவை அழித்துவிட்டு அந்த மூன்று வார்த்தையை எழுதியது.

சண்முகக்கனி அன்று சாயங்காலமே கூண்டில் ஏறி நின்றாள். அதே கால், அதே கறுப்பு. கண்ணாடித் தரை மாறவில்லை, கேமரா மாறவில்லை. சிவப்புச் சீட்டு வந்தது. அவசரம் என்று போட்டிருந்தது.

சதையை எடுத்து அனுப்பி, முடிவு வர ஐந்து நாள் ஆனது. தோல் புற்றுதான், கறுப்பு வகை. "உள்ளங்கால்ல வெயில் எங்க படுது?" என்று சண்முகக்கனியின் மகள் கேட்டாள். "நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அது வெயில் படாத இடத்துலதான் அதிகமா வருது. கால்ல, கையில, நகத்துக்கு அடியில. யாரும் பாக்காத இடமாப் பாத்து வரும்," என்றாள் டாக்டர் நஸ்ரின். பெரிய ஆஸ்பத்திரியில் குதிகாலோடு பாதத்தில் பாதியை எடுத்தார்கள். தொடையிடுக்கில் இரண்டு நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஒன்றில் புற்று ஏறியிருந்தது. இனி ஒரு வருடம் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. பிழைத்துக்கொள்வாள், அநேகமாக. அந்த அநேகமாகவை டாக்டர் மெதுவாகச் சொன்னாள்.

எமல்டா டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சண்முகக்கனி கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். டீச்சரைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரு," என்றார் டீச்சர். வேறு என்ன சொல்ல?

"ஒரு தடவ காலைத் தூக்குட்டின்னு சொல்லியிருந்தா தூக்கியிருப்பேனே டீச்சர்," என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் நோட்டீஸ் கிளம்பிவிட்டது. உங்கள் சான்றிதழில் உள்ள அங்க அடையாளங்கள் நேரில் பார்த்து எழுதப்பட்டவை அல்ல என்று பதிவு செய்தவரே ஒப்புக்கொண்டிருப்பதால், மறுபரிசோதனைக்கு நேரில் வரவும். ஆயிரத்துச் சொச்சம் போனில் ஒரே காலையில் மணி அடித்தது. சுகாதார நிலையத்தில் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள்.

நரைத்த தலையும் தொப்பையுமாக வந்து, பழைய வரிசை எண்ணைச் சொல்லி நின்றார்கள். சிலர் வாசலில் நின்று கேட்கக் கூடாததெல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். "எனக்குப் பிடரியில மச்சம்னு எழுதியிருக்கிய டீச்சர். இருவத்தஞ்சு வருசமா முடிவெட்டும்போதெல்லாம் கண்ணாடி வச்சுத் தேடுதேன்," என்றான் ஆட்டோ ஓட்டுகிற அல்போன்ஸ். டீச்சர் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரையும் வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிடரியை, தோளை, முழங்காலை, விரல் இடுக்கை. முப்பது வருடத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியதை இப்போது பார்த்தார். எங்கே என்ன இருக்கிறதென்று நோட்டில் எழுதி, சந்தேகமானவர்களை டாக்டரிடம் நேரே அனுப்பினார். பதினேழு பேர் போனதில் இரண்டு பேருக்கு உண்மையாகவே இருந்தது. இரண்டும் ஆரம்பக் கட்டம். அன்றைக்கு மட்டும் டீச்சர் கொஞ்சம் சோறு சாப்பிட்டார்.

ஒருநாள் மத்தியானம் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஒன்றுமில்லை. அவள் தன்னிடம் படித்தவள் இல்லை என்று டீச்சருக்குப் பார்த்ததும் தெரிந்தது.

"நான் தங்கபுஷ்பம். பட்டுராஜ் சம்சாரம்."

பட்டுராஜ். டீச்சருக்கு ஞாபகம் வந்தது. கடைசி பெஞ்ச், கணக்கில் சுழி, ஆனால் வகுப்பறை மின்விசிறி நின்றால் அவன்தான் ஏறிச் சரிபண்ணுவான். படகு எஞ்சின் மெக்கானிக்காக இருப்பதாகச் சொன்னார்கள்.

"அவன் எங்கம்மா? அவன வரச்சொல்லு. நான் பாக்கணும்."

"அவரு செத்து ஒன்றரை வருசமாச்சு டீச்சர்." அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். பெறுநர் எம். பட்டுராஜ், மறுபரிசோதனைக்கு நேரில் வரவும். "நேத்தும் வந்துது. இன்னிக்கும் வந்துது. வராவிட்டால் நினைவூட்டல் தொடரும்னு போட்டிருக்கு."

"உக்காரும்மா. என்ன ஆச்சு அவனுக்கு?" என்றார் டீச்சர்.

"நெஞ்சுல புத்துன்னாங்க. எங்கயோ ஆரம்பிச்சு நெஞ்சுக்கு வந்திருக்கு, ஆரம்பிச்ச இடம் தெரியலன்னாங்க. முதுகுல ஒண்ணு இருந்துது. அதையும் காட்டினோம். அது பழசு, பதிவுல இருக்குன்னு விட்டுட்டாங்க." அவள் இன்னும் நின்றுகொண்டேயிருந்தாள். "நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். பத்தாப்பு படிக்கையில அவரு முதுகுல அந்த மச்சம் இருந்துச்சா? நீங்க பாத்தியளா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இனி யாருக்கு என்ன ஆகப் போகிறது? செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. அவனை மட்டுமாவது பார்த்துத்தான் எழுதினேன், அவன் சட்டை கிழிந்திருந்தது, முதுகு தெரிந்தது என்று சொன்னால் இவள் விதியே என்று நிம்மதியாகப் போய்விடுவாள். சொல்ல வாயெடுத்தார். சட்டை கிழிந்திருந்தது என்பதுவரை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வது அவருக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தவர், வந்ததை அப்படியே விழுங்கினார்.

"பாக்கலம்மா," என்றார். "நான் யாரு முதுகையும் பாக்கல."

தங்கபுஷ்பம் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், கடையில் சரியான சாமானை எடுத்துக் கொடுத்ததுபோல.

"எனக்குத் தெரியும் டீச்சர். பதினெட்டு வருசம் அந்த முதுகுக்கு நான்தான் சோப்பு போட்டேன். கிரீஸ் அவ்வளவு லேசுல போவாது, நார் வச்சுத் தேய்க்கணும். அங்க ஒண்ணும் கிடையாது. அது வந்த அன்னைக்கே இது புதுசுன்னு சொன்னேன். கூண்டுக்கிட்டயும் சொன்னேன், நர்சம்மாகிட்டயும் சொன்னேன். அவரு சர்டிபிகேட்ட எடுத்து முன்னால வச்சாரு. எமல்டா டீச்சர் பாக்காம எழுத மாட்டாவ, உனக்குத்தான் பார்வை சரியில்லன்னாரு."

"நீ என்னம்மா சொன்ன?"

"நான் என்ன சொல்ல. எழுதியிருக்குல்லா. அவர அடக்கம் பண்ணின பொறவு கண்ணாஸ்பத்திரிக்குப் போயி ரெண்டு கண்ணையும் காட்டினேன். மருந்து ஊத்தி, லைட் அடிச்சு, பெரிய டாக்டரே பாத்தாரு. கண்ணு நல்லாத்தான் இருக்கு, எல்லாம் சரியாத் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டாங்க."